பதினோரு வாரக் காய்

திறக்க வேண்டாம். வீட்டில் யாரும் இருக்க வேண்டாம். இருந்தால் குளித்துக்கொண்டிருக்கட்டும். குளித்தாகிவிட்டதென்றால் தூங்கட்டும்.

மனதுக்குள் இப்படி மன்றாடியபடியே அவள் மூன்றாம் மாடியின் கடைசி வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு திறக்கக் கூடாது என்று ஒரு மிஷனரி ஜெபிக்கலாமா என்பது பற்றி ஊழியர் கையேட்டில் எதுவும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு அது. என்ன நிறத்தில் காலுறை அணியலாம் என்பதற்கே ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

கதவு திறந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையும் மீதி முகத்தில் புன்னகையுமாக ஒருவர் நின்றார்.

“அடடா, வெயில்ல வந்திருக்கீங்களே. தண்ணி வேணுமா?”

“வேண்டாங்க. நாங்க உங்களுக்கு ஒரு நல்ல செய்தி...”

“நல்ல செய்தி யாருக்குத்தான் வேண்டாம். நாளைக்கு வாங்களேன்.”

கைப்பிரதியை நுரை படாமல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, தலையசைத்து, சத்தமே வராமல் கதவைச் சாத்தினார்.

பின்னால் நின்ற துணை உடனே குறிப்பேட்டைத் திறந்தாள். “பூ ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

வெளிநாட்டுக்கு வந்த அவளுக்கு முதல் அதிர்ச்சி இந்த மரியாதைதான். ஊரில் பயிற்சி மையத்தில் எட்டு வாரம் அவளைத் துன்பத்துக்குத் தயார் செய்திருந்தார்கள். நாயை ஏவுவார்கள், வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள், சாபம் விடுவார்கள் என்றார்கள். பயிற்சியாளர் ஒருவர் கோபக்கார வீட்டுக்காரராக நடித்து வகுப்பறைக் கதவை ஒவ்வொருவர் முகத்திலும் அறைந்து சாத்திக் காட்டினார். பதினேழாவது மாணவியின் முறை வந்தபோது கீல் பிடுங்கிக்கொண்டு கதவே அவர் மேல் விழுந்தது. ஏச்சுக்கு ஒன்று, ஏளனத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு வசனங்களை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இந்த ஊரில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. யாரும் திட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் நாளைக்கு வரச் சொன்னார்கள். முதல் வாரத்தில் அவள் அதை நம்பி மறுநாளே போனாள். அதே சிரிப்பு, அதே நாளை. மூன்றாம் நாள்தான் புரிந்தது, இங்கே நாளை என்பது ஒரு நாள் அல்ல, கதவைச் சாத்தும் ஒரு முறை.

மொழியையும் அந்த எட்டு வாரத்தில்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். பாவம், மீட்பு, நித்தியம் எல்லாம் தெரியும். வந்த அன்று கடைக்காரரிடம் நித்திய வாழ்வைப் பற்றி அவளால் பத்து நிமிடம் பிழையில்லாமல் பேச முடிந்தது. உப்பு கேட்க முடியவில்லை. கடைசியில் ஒரு பொட்டலத்தைச் சுட்டிக்காட்டி வாங்கி வந்தாள். அது துணி துவைக்கும் சோடாவாக இருந்தது.

துணை என்பது பெயரல்ல, பதவி. ஊழியர்கள் இருவர் இருவராகத்தான் நடமாட வேண்டும். ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு, அங்கே காது போதும். அதனால் அவள் குளிக்கும்போது துணை வெளியே நின்று, “இருக்கியா?” என்பாள். “இருக்கேன் அக்கா” என்று இவள் உள்ளிருந்து சொல்ல வேண்டும். அக்கா என்பதும் விதிப்படிதான். துணை இவளைவிட நான்கு மாதம் சின்னவள். ஆனால் எட்டு மாதம் முன்னால் விமானம் ஏறியவள்.

வாரந்தோறும் தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் மனிதர்கள் நான்கு வகை. கைப்பிரதி வாங்கிக்கொண்டவர் பூ. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னவர் பிஞ்சு. மூன்று முறைக்கு மேல் உள்ளே விட்டவர் காய்; காய்க்கு வயது முதல் முறை விட்ட நாளிலிருந்தே கணக்கு. விசுவாச அட்டையில் கையெழுத்துப் போட்டவர் பழம். ஐந்தாவதாக ‘உதிர்ந்தவை’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதில் எதையும் எழுதக் கூடாது என்று அடிக்குறிப்பு சொன்னது.

ஆடும் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கைப்பிரதியை நான்காக மடித்து வாங்கிக்கொண்ட டீக்கடைக்காரர் பூ. பொத்தான்களைப் பொட்டலம் கட்டக் காகிதம் இல்லாமல் தவித்த தையல்காரர் ஒரே மூச்சில் பத்து வாங்கிக்கொண்டு பத்துப் பூ ஆனார். “ஒரே ஆள் எப்படி அக்கா பத்துப் பூ ஆவார்?” என்று இவள் கேட்டாள். “ஒரு கொம்புல பத்துப் பூ பூக்காதா?” என்றாள் துணை. அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்த நிச்சயத்தைப் பார்த்து இவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

திங்கட்கிழமை காலையில் தொலைபேசிக் கூட்டம். பணித்தளங்களில் இருக்கும் எல்லா ஜோடிகளும் ஒரே இணைப்பில் வருவார்கள். மேற்பார்வையாளர் பேசுவார். அவரை அவர்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பெரிய மண்டபத்துக்குள்ளிருந்து வருவதுபோல வரும்.

“அடுத்து யாரு, சொல்லுங்க.”

“நாற்பத்தோரு பூ, ஐயா” என்றது எங்கோ ஒரு ஜோடி.

“ஒரே வாரத்துலயா?”

“ஒரே நாள்லங்க ஐயா. மழை. பஸ் ஸ்டாப்ல கூரை இல்ல. எல்லாரும் தலைக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க.”

“பாத்தீங்களா, வானமே நம்ம பக்கம் இருக்கு. மத்தவங்களும் கொஞ்சம் யோசிங்க. வெயில்ல போய் நின்னா யாரு வாங்குவா?”

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் இனி வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே வேலைத் திட்டம் வகுக்க வேண்டும். கூரையுள்ள பேருந்து நிறுத்தங்களைத் தவிர்க்க வேண்டும். அதன் கீழேயே இன்னொரு அறிவிப்பும் இருந்தது. வரப்போவது கனி மாதம். ஒவ்வொரு ஜோடியும் ஒரு பழமாவது பறிக்க வேண்டும். ‘காய் ஒன்று ஆறு வாரத்துக்கு மேல் காயாகவே இருந்தால் அது காயின் குற்றமல்ல.’ பணித்தளத்துக்கு வந்து ஆறு மாதமாகியும் பழம் பறிக்காதவர்கள் தலைமையகத்தின் உறைப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

உறைப் பிரிவு என்பது இதே நகரத்தின் மறுகோடியில், தலைமையக அடித்தளத்தில் ஓர் அறை. மிஷன் பத்திரிகையை உறையில் போட்டு ஒட்டுகிற வேலை. ஜன்னல் கிடையாது. துணை உண்டு.

அவள் வந்து ஐந்து மாதம் மூன்று வாரம் ஆகியிருந்தது. அறிக்கையில் அவள் பேரில் ஒரே ஒரு காய் இருந்தது. அந்தக் காய்க்கு வயது பதினோரு வாரம்.

அந்தக் காய் நான்காம் மாடியில் இருந்தாள். பக்கத்துத் தெரு விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளை வீட்டிலேயே துவைத்துக் கொடுக்கும் சலவைக்காரம்மா. முதல் முறை மணி அடித்தபோது கதவு உடனே திறந்தது. “அம்மா, நாங்க உங்களுக்கு ஒரு நல்ல செய்தி...” என்று இவள் ஆரம்பிக்கும்போதே அந்த அம்மாளின் பார்வை இவள் கைகளுக்குப் போய்விட்டது.

“கை சுத்தமா இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்ப உள்ள வா. அந்த முனையைப் பிடி. தரையில படாம.”

மொட்டை மாடியில் காய்ந்து வந்த விரிப்புகள் கட்டிலின் மேல் மலைபோலக் கிடந்தன. முப்பத்து நான்கு. எதிர்ச் சுவரில் தோள் உயரத்தில் இரண்டு ஆணிகள் அடித்திருந்தன. விரிப்பின் இரு முனைகளை அவற்றில் மாட்டிவிட்டு, மறு முனைகளை இழுத்துப் பிடித்து மடிப்பதுதான் இத்தனை நாளும் அந்த வீட்டு வழக்கம். “மகன் இருந்த வரைக்கும் அவன் பிடிப்பான். வேலைக்குன்னு வெளிநாடு போனான். அப்புறம் இந்த ரெண்டு ஆணிதான்” என்றாள் சலவைக்காரம்மா. “ஆணி நல்லாத்தான் பிடிக்கும். என்ன, நடந்து வராது.”

இரண்டு பேர் விரிப்பு மடிப்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முனைகளைப் பிடித்து விறைப்பாக ஒரு உதறல். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நடுவில் கையும் கையும் சேரும் இடத்தில் முனைகளை மாற்றிக்கொண்டு மறுபடி பின்வாங்க வேண்டும். பேச்சும் அந்த ஒழுங்கில்தான் நடந்தது. கைகள் சேரும்போது ஒரு கேள்வி. பின்வாங்கி, உதறி, அடுத்த முறை சேரும்போது பதில்.

“எந்த ஊரு உனக்கு?”

உதறல்.

“ரொம்ப தூரம்மா. விமானத்துல பதினோரு மணி நேரம்.”

“இவ்வளவு தூரம் உங்கம்மா எப்படி விட்டாங்க?”

உதறல்.

“அவங்கதான் அனுப்பினாங்க.”

“நீ போறேன்னு சொன்னியா?”

மூன்று விரிப்புகளை அவள் பதில் சொல்லாமலே மடித்தாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பயிற்சி மையத்தின் விண்ணப்பத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன. ஒவ்வாமை உண்டா என்றுகூடக் கேட்டிருந்தார்கள்.

“உங்க சாமி விஷயம் எதுவானாலும் மடிச்சு முடிச்சப்புறம் சொல்லு” என்று சலவைக்காரம்மா சொல்லியிருந்தாள். மடித்து முடித்ததும் டீ வந்தது. டீ முடியும்போது கீழே விடுதி வண்டி ஒலி எழுப்பியது. மூன்று பேரும் விரிப்புகளைச் சுமந்துகொண்டு நான்கு மாடி இறங்கினார்கள். செய்தியைச் சொல்ல நேரமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த செவ்வாயிலிருந்து நேரம் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டு நிமிடச் செய்தி அது. எங்கே சிரிக்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் பயிற்சியில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள் அதை எடுத்தால், வாசலில் கழற்றி வைத்த செருப்பைக் கையில் எடுத்து வந்து கட்டில்மேல் வைத்ததுபோல இருக்கும். அந்த ஊரிலேயே அந்த ஒரு மணியை மட்டும் அவள் வேறு மாதிரி அழுத்தினாள். திற, திற என்று.

ஜெபம் பண்ணாமல் இல்லை. கையில் சோப்பு மணக்க மாடி இறங்கி வரும்போதெல்லாம் அந்த அம்மாளின் தோள்பட்டை வலிக்காகவும், எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் மகனுக்காகவும் வேண்டிக்கொண்டாள். ஊரில் பண்ணிய ஜெபங்களைவிட அது சுலபமாக வந்தது. அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

துணை முதல் ஐந்து வாரம் கதவோரம் நாற்காலி போட்டு, கையேட்டைப் படித்தபடி கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தாள். ஆறாம் வாரம் எழுந்து வந்து தலையணை உறைகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். “சும்மா இருந்தா தூக்கம் வருது” என்றாள். யாரும் விளக்கம் கேட்டிருக்கவில்லை.

ஒன்பதாம் வாரத்தில் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னாள்.

“நான் போறேன்னு சொல்லலம்மா. எழுந்து நின்னேன். அவ்வளவுதான்.”

உதறல்.

“புரியலையே கண்ணு.”

“சபையில மூணு மணி நேரக் கூட்டம். தரையில சம்மணம் போட்டு உட்காந்திருந்தேன். கால் மரத்துப்போச்சு. சரி, கொஞ்சம் நின்னா சரியாகும்னு எழுந்தேன்.”

உதறல்.

“அப்புறம்?”

“அந்த நேரம் பார்த்து மேடையில, வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக விருப்பம் உள்ளவங்க எழுந்து நில்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. எனக்குக் காதுல விழல. மொத்த சபையும் கை தட்டுது. அம்மா அழறாங்க, சந்தோஷத்துல. உட்காரலாம்னு பார்த்தா கால் மடங்க மாட்டேங்குது.”

சலவைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு விரிப்பை விட்டுவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்து சிரித்தாள். விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் அது பெரிய குற்றம், ஆனால் அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு துணையும் குலுங்கினாள்.

“கால் சரியான அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, இல்லைன்னு” என்றாள் சலவைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதுக்குள்ள பத்திரிகையில போட்டுட்டாங்கம்மா. ‘அழைப்பைக் கேட்டதும் முதலில் எழுந்து நின்றவர்’னு.”

அந்த இதழ் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும். போன கடிதத்தில் அம்மா எழுதியிருந்தாள்: ‘உன் பேர் மறுபடி எப்போது வரும் என்று போதகர் வீட்டு அம்மா கேட்டார்கள். கனி மாதத்தில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.’

பதினோராம் வாரம் முடிந்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேற்பார்வையாளரின் குரல் அவளைத் தேடி வந்தது.

“அந்தப் பதினோரு வாரக் காய் யாருது?”

“எங்களுதுங்க ஐயா” என்றாள் துணை.

“பதினோரு முறை உள்ள விட்டிருக்காங்க. டீ வேற குடுத்திருக்காங்க. நம்ம மொத்தப் பணித்தளத்துலயும் இவ்வளவு முத்தின காய் கிடையாது. இன்னும் பறிக்காம என்ன பண்றீங்க? வேண்டாம், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நானே வரேன். அட்டையும் கேமராவும் எடுத்துட்டு வரேன். நம்ம பத்திரிகைக்கு அட்டைப்படம் அதுதான்.”

இணைப்பில் இருந்த ஜோடிகள் எல்லாம் வரிசையாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவள் வாயசைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். குரலை வைத்து ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தாள். இவர் அவள் தோளுக்குத்தான் இருந்தார். கழுத்தில் கேமரா, கக்கத்தில் கோப்பு. சட்டைப் பையில் மூடி போட்ட பேனா.

கதவு திறந்தது.

“ஸ்தோத்திரம்மா. நான்தான் இவங்களோட...”

“கை சுத்தமா இருக்கா?”

மேற்பார்வையாளர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “இருக்குன்னுதான் நெனைக்கறேன்.”

“அப்ப அதையெல்லாம் அங்க வெச்சுட்டு அந்த முனையைப் பிடிங்க. தரையில படாம.”

அவர் பிடித்தார். அந்த வீட்டு வாசலைத் தாண்டியவர்கள் யாரும் பிடிக்காமல் இருந்ததில்லை. ஆனால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றார். எதிர் முனை தன்னிடம் வந்து சேரும் என்று காத்திருந்தார்.

“நீங்களும் நடந்து வரணும். நான் மட்டும் வந்தா மடியாது” என்றாள் சலவைக்காரம்மா.

அவர் நடந்து வந்தார். கைகள் சேர்ந்தன. “இந்த ஊழியத்துல பத்தொன்பது வருஷமா இருக்கேன்மா” என்றார்.

உதறல்.

“ஒருத்தர் வீட்டுக்குள்ள கடைசியா நுழைஞ்சு பதினாலு வருஷம் இருக்கும். ஆபீஸ் வேலை அவ்வளவு.”

உதறல்.

“ஜனங்கன்னா எனக்கு உயிரு. எத்தனை பேருன்னு எண்ணிப் பாக்காம ஒரு வாய் சோறு இறங்காது.”

உதறல்.

“உங்களுக்காகவும் தினமும் ஜெபம் பண்றேம்மா. பேர் சொன்னா ஒரே பேர்ல நாலு பேர் வந்துடறாங்க. அதனால வரிசை எண் சொல்லித்தான்.”

“என் எண் என்னங்க?”

உதறல்.

“நானூத்தி ஏழு.”

“நல்லா இழுத்துப் பிடிங்க. சுருக்கம் விழுது.”

அவர் இழுத்துப் பிடித்தார். பத்தாவது விரிப்பில் அவருக்கு வியர்த்தது. இருபதாவதில் கேள்விக்கு வந்தார்.

“நீங்க இப்ப எந்த நிலையில இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“நாலாவது மாடி.”

“அது இல்லம்மா. நீங்க காய். பதினோரு வாரமா காயாவே இருக்கீங்க.”

“அறுபது வயசாச்சு எனக்கு. இன்னும் காய்னா சந்தோஷம்தானே.”

துணை அவசரமாக ஒரு தலையணை உறையை எடுத்து முகத்தருகே பிடித்துச் சரிபார்த்தாள்.

முப்பத்து நான்காவதும் முடிந்தது. எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மேற்பார்வையாளர் ஒரு வாய் குடித்ததும் கோப்பைத் திறந்து அட்டையை எடுத்தார். தங்க நிற ஓரம் போட்ட அட்டை. அதன் அர்த்தத்தை அவர் தலைமையக நடையில் விளக்க ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் சலவைக்காரம்மா கையை நீட்டினாள்.

“இது போட்டா இந்தப் பொண்ணுக்கு நல்லதா?”

“ரொம்ப நல்லதும்மா. போடலைன்னா இவங்களை அடுத்த வாரம் உறைப் பிரிவுக்கு மாத்தணும். விதி அப்படி.”

“அப்ப பேனாவைக் குடுங்க. கேஸ்காரனுக்குப் போடறேன், கூரியர்காரனுக்குப் போடறேன். இந்தப் பொண்ணுக்குப் போட மாட்டேனா?”

படிக்காமலே போட்டாள். எழுத்துகள் சின்னச் சின்னதாக, மடித்து அடுக்கியதுபோல இருந்தன. போட்டுவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதானே என்பதுபோல.

முடியாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மேற்பார்வையாளருடைய கட்டத்துக்குள் விழுந்த அந்தக் கையெழுத்து உண்மையில் அவளுக்கு வந்தது. ஐந்து மாதம் மூன்று வாரத்தில் இந்த நாட்டில் அவளுக்கென்று யாராவது கொடுத்த பொருள் அது ஒன்றுதான். அதைத்தான் பழம் என்று எழுதப் போகிறார்கள்.

“இப்ப நீங்க, சிஸ்டர்” என்று மேற்பார்வையாளர் அட்டையை இவள் பக்கம் திருப்பினார். கீழே ஒரு வரி அச்சிட்டிருந்தது: மேற்கண்ட ஆத்துமா என் செய்தியைக் கேட்டுக் கனிந்தது என்று சாட்சி சொல்கிறேன்.

“ஐயா, நான் இந்த வீட்டுல செய்தி எதுவும் சொல்லல.”

“எதுவும்னா?”

“ஒரு வரிகூட.”

அவர் துணையைப் பார்த்தார். “அப்ப பதினோரு வாரம் என்ன பண்ணீங்க?”

“மடிச்சோம் ஐயா” என்றாள் துணை.

அவர் கோபப்படவில்லை. பத்தொன்பது வருட அனுபவசாலி. டீயை இன்னொரு வாய் குடித்துவிட்டு, யோசித்து, முகம் மலர்ந்தார்.

“பரவாயில்ல, இப்ப சொல்லிடுங்க. சுருக்கமா, அஞ்சு நிமிஷம். அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. வரிசை கொஞ்சம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் தப்பில்ல. கனிஞ்சதுதான் முக்கியம். கேட்டாங்களாங்கறது அப்புறம்.”

அவளுக்குச் செய்தி முழுவதும் நினைவில் இருந்தது. முதல் வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அம்மாவின் பீரோ நினைவுக்கு வந்தது. இரண்டாவது இதழை முதல் இதழின் மேல் வைத்து, கையால் நீவி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே அம்மா செருகுவது தெரிந்தது. கூடவே ஜன்னல் இல்லாத அறையும், அதில் தான் ஒட்டப் போகும் உறைகளும். சலவைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பேசு கண்ணு, கேக்கறேன் என்பதுபோல அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பதினோரு வாரத்தில் அந்தக் கைகள் சும்மா இருந்து இவள் பார்த்ததில்லை.

சொன்னால் கேட்பாள். கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்பாள். அதன் பிறகு, நாளைக்கு வா என்பாள்.

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகிப் போட்டாள். இரண்டு கையாலும் மேற்பார்வையாளரிடம் நீட்டினாள். பெரியவர்களிடம் எதையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க ஐயா.”

அவர் பழக்கத்தில் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

“சிஸ்டர், அடுத்த வாரம் உறைப் பிரிவு. தெரியும்ல?”

“தெரியும் ஐயா.”

“அந்தப் பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு உண்டா?” என்று கேட்டாள் சலவைக்காரம்மா.

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை. “அது... கையேட்டுல பாக்கணும்.”

“பக்கம் முப்பத்தொண்ணு, ஐயா” என்றது கட்டிலோரத்துக் குரல். துணை கையேட்டைத் திறக்கவே இல்லை. “ஊழியர்களுக்கு வாரத்துல ஒரு நாள் சேவை நேரம். பிறர் வீட்டு வேலைக்குக் கை கொடுக்கலாம். எந்த வீடுன்னு போடல. எந்தப் பிரிவுக்குப் பொருந்தாதுன்னும் போடல.” ஒரு நொடி நிறுத்தி, “ஆனா துணையோடதான் போகணும்” என்றாள்.

அவர் துணையை நீண்ட நேரம் பார்த்தார். அந்தக் கையேட்டின் மூன்றாம் பதிப்பைத் தொகுத்தவர் அவர்தான். பிறகு பெருமூச்சு விட்டு, கேமராவைக் கையில் எடுத்தார்.

“சரி, கையெழுத்தை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல படம். அட்டைப்படத்துக்கு இடம் விட்டு வெச்சிருக்காங்க, வெறுங்கையோட போக முடியாது. அம்மா அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். அழைப்பைக் கேட்டதும் முதல்ல எழுந்து நின்னவங்க நீங்க, அது எனக்கு ஞாபகம் இருக்கு. எங்க, எழுந்து நில்லுங்க, சிஸ்டர்.”

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தார். சலவைக்காரம்மா இவளைப் பார்த்தாள். உதடு இறுகியிருந்தது, கண்ணில் மட்டும் சிரிப்பு தளும்பியது.

“என்ன கண்ணு, கால் மரத்துப்போச்சா?”

“இல்லம்மா” என்றாள் அவள். “ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு.”

கீழே விடுதி வண்டி ஒரு முறை ஒலித்தது. மேற்பார்வையாளர் கேமராவைத் தாழ்த்தாமல் காத்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை எடுத்து, உட்கார்ந்தபடியே, மிச்சமிருந்த டீயைக் குடித்தாள்.